கையோடு ஒரு நீர்வர்ணக் கொப்பி
வாசகர் கேள்வி – சித்திர ஆசிரியை பதில்

நாட்குறிப்பு எழுதுவதைப் போல நீர்வர்ணத்தில் ஒரு சித்திரக் கொப்பியை வீட்டிலும் பயணத்திலும் கையோடு வைத்திருக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சாதாரண தரம் வரை பள்ளிக்கூடத்தில் சித்திரம் படித்தேன். இப்போது அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய ஆசை மட்டும் விடவில்லை. ஆனால் சித்திரக் கொப்பியில் தண்ணீர் பட்டதும் தாள் நெளிந்துபோகிறது. இரண்டாம் முறை தூரிகை வைத்தால் மேற்பரப்பு உரிகிறது. என் கை சரியில்லையா, பொருள் சரியில்லையா? என்னென்ன வாங்க வேண்டும்? – சுன்னாகம் வாசகி

பதில்: உங்கள் கையில் குறையில்லை, குறை தாளில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பி பென்சிலுக்கும் பஸ்ரலுக்கும் என்று செய்யப்பட்டது. அதிகத் தண்ணீரைத் தாங்கும் பலம் அதற்கு இல்லை. நீர்வர்ணத் தாள் வாங்கும்போது அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் நிறையைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதே அந்த எண். நாம் எழுதும் தாள் 70 அல்லது 80 கிராம் இருக்கும். நீர்வர்ணத்துக்கு 300 கிராம் தாள் கிடைத்தால் நனைந்த பின்னும் பெரிதாக நெளியாது, 200 கிராம் தாளில் மெல்லிய பூச்சுகளோடு சமாளிக்கலாம். நிறைக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது நார். முழுப் பருத்தி நாரில் செய்த தாள் மரக்கூழ்த் தாளைவிட விலை கூடியது என்றாலும், ஈரத்தைச் சீராக ஏற்றுக்கொண்டு, ஒரே இடத்தில் பல பூச்சுகளைத் தாங்கும். தாளுக்கு ஏற்றப்பட்டிருக்கும் ஜெலற்றின் போன்ற பசை, வர்ணம் நாருக்குள் இறங்கி மங்கிவிடாமல் மேற்பரப்பிலேயே நிறுத்தி வைக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியில் அது போதிய அளவில் இல்லாததால்தான் இரண்டாம் முறை தூரிகை படும்போது உரிகிறது.

கையில் இருக்கும் பணத்தைத் தாளுக்கும் வர்ணத்துக்கும் பங்கிட வேண்டியிருந்தால், பெரும்பங்கைத் தாளுக்கே கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நல்ல தாளில் மலிவான வர்ணமும் ஓரளவு ஒளிரும். மோசமான தாளில் எந்த வர்ணமும் ஒளிராது. கட்டிய கொப்பி வாங்க முடியாவிட்டால், 56 சென்ரிமீற்றர் அகலமும் 76 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட பெரிய தாள் ஒன்றை வாங்குங்கள். அதை நீளவாக்கில் 14 சென்ரிமீற்றர் அகலமான நான்கு பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொரு பட்டையையும் விசிறி மடிப்பாக நான்காக மடித்தால், இரு புறமும் சேர்த்து எட்டுப் பக்கங்கள் கொண்ட நான்கு கொப்பிகள் கிடைக்கும். இரண்டு முனைகளிலும் தடித்த அட்டையை ஒட்டிவிட்டால் மடியில் வைத்து வரையப் போதுமான உறுதி வந்துவிடும். ஒரு ஒழுங்கையை முழு நீளத்துக்கும் வரைய விரும்புபவருக்கு இந்த மடிப்பைப் போல வசதியான கொப்பி வேறில்லை.

வர்ணத்தைப் பொறுத்தவரை, போஸ்டர் வர்ணத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது தாளை மூடி மறைக்கும் வர்ணம். நீர்வர்ணம் வேலமர இனத்துப் பிசினில் நிறப்பொடியைக் குழைத்துச் செய்யப்படுவது. தண்ணீரில் நெகிழ்ந்து, தாளின் வெண்மை ஊடே தெரியும்படி படியும். ஆகவே வெள்ளை நிறம் உங்கள் பெட்டியில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. கோயில் மதிலின் காவிப் பட்டைகளை வரையும்போது வெள்ளைப் பட்டைகளை முதலிலேயே தீர்மானித்து விட்டுவைக்க வேண்டும், பின்னர் போட்டுக்கொள்ள முடியாது.

முப்பத்தாறு நிறங்கள் கொண்ட பெட்டி வேண்டாம். எலுமிச்சை மஞ்சள், யெலோ ஓக்கர் என்னும் மஞ்சட்காவி, செம்மஞ்சள் சாயலுள்ள ஒரு சிவப்பு, ரோசாச் சாயலுள்ள ஒரு சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், தலோ நீலம், பேர்ண்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு ஆகிய ஏழும் இந்த நாட்டின் எந்த வெளிச்சத்துக்கும் போதும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. பேர்ண்ட் சியன்னாவுக்கு நிறம் தருவதும் அதே இரும்பு ஒட்சைட்டுத்தான். அதனால் அந்த ஒரு வர்ணத்தோடு சிறிது சிவப்பைச் சேர்த்தால், உங்கள் ஊர்த் தோட்டத்தில் புதிதாகக் கொத்திய மண் அப்படியே தாளில் வந்துவிடும். அதே பேர்ண்ட் சியன்னாவை அல்ட்ராமரீனுடன் கலந்தால் சாம்பல் நிறங்களின் முழு வரிசையும் கிடைக்கும். நீலம் கூடினால் மழை மேகம், சியன்னா கூடினால் காய்ந்த பனையின் தண்டு, இரண்டும் அடர்த்தியாகச் சேர்ந்தால் ஏறக்குறையக் கறுப்பு. குழாயிலிருந்து வரும் பச்சையைப் பனையோலைக்குப் பூசினால் அது பனையாகவே இராது. பனையின் பச்சை சற்றே தூசி படிந்தது போன்ற மங்கல் பச்சை. அதற்கு அல்ட்ராமரீனும் மஞ்சட்காவியும் கலந்து பாருங்கள்.

பயணப் பெட்டிக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. வெறுமையான சிறு தகரப் பெட்டி ஒன்றில், நீர்வர்ணக்காரர் பயன்படுத்தும் குட்டிக் கிண்ணங்களை ஒட்டி, குழாய் வர்ணத்தைப் பிதுக்கி நிரப்பி, இறுகும் வரை திறந்து வையுங்கள். தூரிகை ஒன்று போதும். எட்டாம் இலக்கத்து உருண்டைத் தூரிகை, நனைத்ததும் நுனி கூராகச் சேர வேண்டும். கைபிடிக்குள் தண்ணீர் நிரப்பும் தூரிகை பேருந்தில் உதவும் என்றாலும், அகலமான வானத்தைப் பூச அதனால் முடியாது.

கேள்வி: வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் போய்விடுகிறது. பயணம் போகும் வாய்ப்பும் குறைவு. வீட்டில் வரைய என்ன இருக்கிறது? – கோப்பாய் வாசகி

பதில்: வீட்டுக் கொப்பிதான் முதன்மையானது, பயணக் கொப்பி அதன் பின்னர்தான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். தன் படலையைப் பார்த்து வரையப் பழகாத ஒருவர், நெடுந்தீவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தாலும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் அதைத் தொலைத்துவிடுவார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) போதகராக இருந்த யான் பிராண்டஸ் என்பவர் தன் வீட்டின் உட்புறத்தையும், அங்கே வளர்ந்த தன் சிறு மகனையும் நீர்வர்ணத்தில் வரைந்து வைத்தார். ஊர் திரும்பும் வழியில் 1785, 1786ஆம் ஆண்டுகளில் இலங்கையில் தங்கியபோதும் வரைந்தார். அவரது சித்திரங்கள் இன்று அம்ஸ்டர்டாம் அரச அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து வீடொன்றில் கதிரை எங்கே கிடந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பவற்றையெல்லாம் இன்று நாம் அறிய முடிவது, அவர் அவற்றை வரையத் தகுந்தவை என்று எண்ணியதால்தான்.

உங்கள் குசினியிலேயே ஓராண்டுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து வந்த பையை மேசையில் கொட்டியதும், கறிக்கு எடுக்கும் முன் ஒரு கத்தரிக்காயை மட்டும் வரையுங்கள். அதன் ஊதா நிறத்தில் சன்னல் வெளிச்சம் விழும் வெள்ளைக் கோட்டை விட்டுவைப்பது ஒரு முழுப் பாடம். தை மாதத்துப் பனங்கிழங்கை அவித்து உரிக்கும்போதும், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்திலும், வேப்பம்பூவை வடகத்துக்காகப் பொறுக்கிக் காயவைக்கும்போதும் ஒவ்வொரு பக்கம் போதும். பெரிதாகத் திட்டமிட வேண்டாம். தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடியக்கூடிய அளவில், உள்ளங்கையளவு கட்டமொன்றைப் போட்டு அதற்குள் வரையுங்கள். கட்டம் சிறிதானால் வேலை முடியும்.

வரைந்த பக்கத்தில் எழுதவும் வேண்டும். திகதி, நேரம், காற்று எந்தத் திசை, அன்று தக்காளி என்ன விலை, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இரண்டு வரி போதும். ஆங்கிலேய ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹம்ஸ்ரெட்டில் மேகங்களை மட்டும் எண்ணெய் வர்ணத்தில் தொடர்ந்து வரைந்தபோது, பலவற்றின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைத்தார். உங்கள் முற்றத்து வேம்பை மாதந்தோறும் ஒரே இடத்திலிருந்து வரைந்து, சோளகம் வீசுகிறதா வாடை வீசுகிறதா என்று ஓரத்தில் எழுதிவந்தால், ஆண்டு முடிவில் அந்த மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திராது.

கேள்வி: முதலில் பேனாவால் வரைந்து பின்னர் வர்ணம் பூசினால் மை கலைந்துவிடுகிறது. என்ன பேனா நல்லது, ரீச்சர்? – மானிப்பாய் மாணவி

பதில்: பிள்ளை, நீர்புகாத நிறப்பொடி மை கொண்ட வரைபேனாவை வாங்குங்கள். ஜெல் பேனாக்களிலும் மைப்பேனாக்களிலும் பல தண்ணீரில் கலையும். அவசரத்துக்குச் சாதாரணக் குமிழ்முனைப் பேனா உதவும், அதன் மை எண்ணெய்த்தன்மையானது என்பதால் பெரும்பாலும் கரைவதில்லை. ஆனால் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். எதுவானாலும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, உலரவிட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: நண்பர்களோடு நெடுந்தீவு போகிறோம். கூட்டமாகப் போகும்போது உட்கார்ந்து வரைய நேரம் கிடைக்காது. படகிலும் வெயிலிலும் எப்படிச் சமாளிப்பது? – வேலணை வாசகர்

பதில்: பயணத்தில் வரைபவருக்கு முதலில் வேண்டியது, எதை இடத்திலேயே செய்ய வேண்டும், எதை மாலையில் செய்யலாம் என்ற தெளிவு. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1832இல் ஒரு தூதுக்குழுவோடு மொரோக்கோ சென்றபோது இதே நெருக்கடியில்தான் இருந்தார். அவர் பென்சிலால் விரைந்து வரைந்து, சுவர் என்ன நிறம், நிழல் என்ன நிறம் என்பவற்றைச் சொற்களாகப் பக்கத்திலேயே எழுதினார். வாய்த்த இடங்களில் நீர்வர்ணம் பூசினார். 1874இல் இலங்கைக்கும் வந்துபோன எட்வர்ட் லியர் பென்சில் கோட்டின் மேலேயே நிறக் குறிப்புகளை எழுதி, பின்னர் மையாலும் வர்ணத்தாலும் நிறைவுசெய்வது வழக்கம். நீங்களும் அதையே செய்யுங்கள். நிறத்தின் பெயரை மட்டும் எழுதாமல், எது எதைவிட இருண்டது என்றும் எழுதுங்கள். "வானத்தைவிடக் கடல் இருள், கடலைவிட மதில் வெளிச்சம்" என்ற ஒரு வரி, கைபேசிப் படம் தராத செய்தியைத் தரும். ஏனெனில் கைபேசி நண்பகல் வெளிச்சத்தில் வானத்தை வெளுக்கச் செய்துவிடும், அல்லது நிழலைக் கறுப்பாக்கிவிடும்.

குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடும். அலையாடும் படகில் வர்ணப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பென்சிலும் கொப்பியும் மட்டும் கையில் இருக்கட்டும், எதிரில் இருப்பவர்களின் தோள்களையும் மூட்டைகளையும் வரையுங்கள். குடிநீர் போத்தலில் வர்ணத்துக்கென்று தனியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கடல்நீரில் தூரிகையை நனைத்தால் உப்புத் தாளில் தங்கி, ஈரக் காற்றில் திரும்பத் திரும்பக் கசியும்.

தீவில் எதை வரைவது என்று கேட்டால், நான் முருகைக்கல் மதில்களைத்தான் முதலில் சொல்வேன். சாந்து இல்லாமல் அடுக்கப்பட்ட அந்தக் கற்களை ஒவ்வொன்றாக வரைய முயன்றால் படகு போய்விடும். மதில் முழுவதற்கும் மஞ்சட்காவியும் சிறிது சாம்பலும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்து, அது உலர்ந்தபின் கற்களுக்கிடையே உள்ள இருண்ட இடைவெளிகளை மட்டும் அங்கங்கே தொட்டு வையுங்கள். மிகுதிக் கற்களைப் பார்ப்பவரின் கண் தானாக அடுக்கிக்கொள்ளும். பெருக்குமரத்தைக் கிளை தெரிய முழுவதும் வரைவதைவிட, அதன் அடியில் ஒரு ஆளை நிறுத்தி அடிமரத்தின் பருமனைக் காட்டுவது மேலானது. குதிரைகள் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு குதிரைகளை ஒரே நேரத்தில் தொடங்கி வையுங்கள். ஒன்று தலையைத் தூக்கியதும் அடுத்ததற்குப் போகலாம், மேயும் விலங்கு சிறிது நேரத்தில் முந்திய நிலைக்குத் திரும்பும்.

வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கூச்சத்தில் பூசிய வர்ணம் வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது தேவைக்கு மேல் இருண்டிருக்கும். ஆகவே நீங்களும் கொப்பியும் நிழலில் இருக்க, பொருள் வெயிலில் இருக்கட்டும். சோளகக் காலமானால் பக்கங்களைப் பிடிக்க இரண்டு கிளிப்புகள் கட்டாயம்.

கேள்வி: வெளியே வரைந்தால் ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். கோயிலில் வரையலாமா? – பருத்தித்துறை வாசகர்

பதில்: சுற்றி நிற்பவர்களிடம் பேசுங்கள், அவர்களில் ஒருவருக்கு அந்த இடத்தின் வரலாறு தெரிந்திருக்கும், அதையும் பக்கத்தில் எழுதலாம். கூச்சம் தீரும்வரை சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கோயிலின் வெளிவீதியில் வரைவதற்குப் பெரும்பாலும் தடையிராது. உள்ளே என்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும்; நல்லூரைப் போல உள்ளே படமெடுப்பதே தடைசெய்யப்பட்ட இடங்களில் பார்த்து மனத்தில் பதித்து வெளியே வந்து வரையுங்கள். முகாம்களையும் காவலரண்களையும் வரைவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மனிதரை அடையாளம் தெரிய வரைவதானால் முன்னரே கேட்டுவிடுங்கள், வரைந்ததைக் காட்டவும் மறக்காதீர்கள்.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். ஆவணி மாதம் அம்மாவோடு ஊருக்கு வருகிறேன். எங்கள் பழைய நாற்சார் வீடு பாதி இடிந்து கிடக்கிறது. வரைய ஆசை, படமெடுத்துவந்து இங்கே ஆறுதலாக வரைவது நல்லதா? விமானத்தில் வர்ணம் கொண்டுவர முடியுமா? – ரொறன்ரோ வாசகி

பதில்: கிண்ணத்தில் இறுகிய வர்ணம் திரவம் அல்ல என்பதால் கைப்பையிலேயே வரலாம்; குழாய்களைத் திரவங்களுக்குரிய பையில் போடுங்கள், பென்சில் சீவும் கத்தியை மட்டும் பெரிய பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.

வீட்டை அங்கேயே இருந்து வரையுங்கள். படமும் எடுங்கள், ஆனால் அது துணைக்கு மட்டும். காரணம் உங்கள் அம்மா. நீங்கள் ஒரு தூணை வரைந்துகொண்டிருக்கும் பதினைந்து நிமிடமும் அவர் சும்மா இருக்கமாட்டார். நெல்லுக் கோர்க்காலி எங்கே இருந்தது, மாரிக்குத் தாழ்வாரத்து நீர் முற்றத்தில் எப்படி விழுந்தது, எந்த அறையில் யார் படுத்தார்கள் என்று சொல்லத் தொடங்குவார். கைபேசியால் எடுத்துவிட்டு நகர்ந்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இராது. முதற் பக்கத்தில் வீட்டின் தரைப்படத்தைக் காலடியால் அளந்து போடுங்கள். முற்றம் நடுவில், நான்கு பக்கமும் விறாந்தை, இன்று இருப்பதை வர்ணத்திலும், அம்மா சொல்லி அறிந்ததைப் பென்சில் கோட்டிலும் குறியுங்கள். எது கண்டது, எது கேட்டது என்பது அந்தக் கொப்பியைப் பின்னர் திறக்கும் பிள்ளைகளுக்குப் பிரித்துத் தெரிய வேண்டும். சங்கடப்படலை எஞ்சியிருந்தால் அதற்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்குங்கள். கூரையிட்ட அந்த வாயில்கள் எங்கள் ஒழுங்கைகளில் வேகமாகக் குறைந்துவருகின்றன, அவற்றை வரைந்து வைப்பது எனக்கு மிக அவசரமான வேலையாகத் தோன்றுகிறது.

கேள்வி: மாரிக்குப் பக்கங்கள் உலர்வதேயில்லை. வர்ணப் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கிறது. பழைய கொப்பியின் தாளில் வர்ணம் புள்ளி புள்ளியாக ஊறுகிறது. – வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: மூன்றுக்கும் காரணம் ஈரப்பதன். ஐப்பசி முதல் மார்கழி வரை பெட்டியை மூடும் முன் வர்ணத்தை நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டிக்குள்தான் பூஞ்சணம் வளர்கிறது. தேன் சேர்த்துச் செய்த வர்ணங்கள் நம் காலநிலையில் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே வாங்குமுன் கேளுங்கள். பூஞ்சணம் பிடித்த மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்தெடுத்து வெயிலில் வைத்தால் அடியிலுள்ள வர்ணத்தைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம்.

புள்ளி புள்ளியாக ஊறுவது தாளிலுள்ள பசை ஈரத்தில் கெட்டுப்போனதன் அடையாளம். அதைத் திருத்த முடியாது. அந்தக் கொப்பியைப் பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய தாளை வாங்கிக் குவிக்காமல், ஓராண்டுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

மெதுவாக உலர்வதில் ஒரு நன்மையும் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் வானத்தைப் பூசி முடிக்கும் முன்னரே பாதி உலர்ந்து விளிம்பு விழுந்துவிடும். மாரியிலோ நனைந்த தாளில் சாம்பல் நீலத்தை விட்டுவிட்டு, அது பரவுவதைப் பார்த்து அடுத்த மேகத்தைச் சேர்க்க நேரம் இருக்கிறது. பண்ணைப் பாலத்திலிருந்து கடல்நீரேரிக்கு மேல் மழை இறங்குவதை வரைய இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. அன்று வரைந்த பக்கத்தை மூடாமல் மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் திறந்து வையுங்கள். முடிந்த கொப்பிகளைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டில் அடுக்காமல் மேல்தட்டில் நிமிர்த்தி, இடையில் காற்றுப் போகும்படி வையுங்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்து விரித்து, நேர்வெயில் படாத விறாந்தையில் ஒரு பகல் காற்றாட விடுங்கள். அப்போது பக்கங்களுக்கிடையே இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.